சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும் லினக்ஸில் பேக்கேஜ் அப்டேட் ஏன் இவ்வளவு எரிச்சல் தருகிறது?

ஜென்டூ என்ற லினக்ஸில் பெரும்பாலும் மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து (சோர்ஸ்) நம் கணினியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் கம்பைல். ஜென்டூ என்றாலே அந்தக் கம்பைல் நேரத்தைத்தான் பலரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்ததே இல்லை. குரோமியம் பிரவுசர், எல்எல்விஎம் கம்பைலர் மாதிரி பெரிய பேக்கேஜ்களை ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். ராம் மட்டும் ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் (ஜாப்) 2 ஜிபி கணக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

எரிச்சல் எல்லாம் அதற்கு முன்னால்தான், எதை எந்த வரிசையில் போடுவது என்று ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்டேஜ் கணக்குப் போடும் இடத்தில். ஒருமுறை நாலு மாதம் அப்டேட் செய்யாமல் விட்டிருந்தேன். வேர்ல்ட் அப்டேட் (மொத்த சிஸ்டத்துக்குமான அப்டேட்) கொடுத்ததும் திரை முழுக்க ஸ்லாட் மோதல், அதாவது ஒரே பேக்கேஜை ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு விதமாகக் கேட்பது, முக்கால்வாசி பைத்தான் 3.11க்கும் 3.12க்கும் நடுவில். இங்கே எந்த பைத்தானுக்காக ஒரு பேக்கேஜ் கட்டப்படுகிறது என்பதும் ஒரு யூஸ் ஃப்ளாக்தான் (பேக்கேஜில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் சுவிட்ச்), அதனால் 3.12க்கு இன்னும் வராத ஒரே ஒரு சின்ன பேக்கேஜ் இருந்தாலும் அதற்குத் தேவையான லைப்ரரிகள் எல்லாம் 3.11க்கும் சேர்த்தே இருந்தாக வேண்டும். அந்த ஒன்று எது என்பதை போர்டேஜ் முதல் வரியில் சொல்வதில்லை. நாற்பது ஐம்பது வரிக்கு நடுவில் யாருக்கு யார் தேவை என்ற பட்டியலில் அதுவும் ஒரு பெயராகக் கிடக்கும், நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் போராடிக் கண்டுபிடித்தது, எப்போதோ சோதித்துப் பார்க்கப் போட்டு மறந்துபோன ஒரு கருவி. அதை நீக்கி, இனி எதற்கும் தேவைப்படாத பேக்கேஜ்களை அகற்றும் டெப்கிளீனை ஓட்டியதும் பெரும்பாலான மோதல்கள் போய்விட்டன.

அப்புறம் வட்டச் சார்பு. புதிதாக நிறுவும்போது, எழுத்துருவைக் கையாளும் இரண்டு லைப்ரரிகளில் ஃப்ரீடைப்புக்கு ஹார்ஃபபஸ் வேண்டும், ஹார்ஃபபஸுக்கு ஃப்ரீடைப் வேண்டும் என்று நின்றது. ஹார்ஃபபஸ் ஃப்ளாக்கை அணைத்து ஃப்ரீடைப்பை ஒரு தடவை தனியாகக் கட்டிவிட்டு, பிறகு ஃப்ளாக்கோடு திரும்பக் கட்டினால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் முதல் தடவை அந்தப் பிழைச் செய்தியைப் பார்ப்பவருக்கு இது எப்படித் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

2023 டிசம்பரில் ஏஎம்டி64, ஆர்ம்64 வகை பிராசசர்களுக்கு அதிகாரப்பூர்வ பைனரி பேக்கேஜ்கள், அதாவது ஜென்டூகாரர்களே முன்கூட்டிக் கட்டிவைத்தவை, வந்தன. நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நம் ஃப்ளாக்குகள் அவர்கள் கட்டியதோடு ஒத்துப்போனால்தான் அது கிடைக்கும், மோதலைத் தீர்க்கும் வேலையோ அப்படியேதான் இருக்கிறது.

இப்போது வாரம் ஒருமுறை அப்டேட் செய்துவிடுகிறேன், மோதல் வந்தாலும் ஒன்றிரண்டுதான் வருகிறது. யூஸ் ஃப்ளாக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே எந்தத் தேதியில், எந்த பேக்கேஜ் கேட்டதற்காகச் சேர்த்தேன் என்று கமென்ட் எழுதி வைக்கிறேன். போர்டேஜே தானாகச் சேர்க்கும் வரிகளுக்கு மேலே யார் கேட்டார்கள் என்று எழுதிவிடும், தேதியை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.