கோர்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, சிசிஎன்ஏ கிடைக்குமா?

"90 சதவீதம் தள்ளுபடி, இன்று நள்ளிரவு வரை மட்டும்" என்று, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்கிங்கைக் கற்றுத்தரும் ஒரு கோர்ஸின் விளம்பரம் கண்ணில் படுகிறது. சிசிஎன்ஏ என்ற சான்றிதழுக்குத் தயார் செய்வதாக அது சொல்கிறது. பிள்ளை உடனே பணம் கட்டச் சொல்கிறான். கட்டினால் வீணாகுமோ, கட்டாவிட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று வீட்டில் தவிப்பு. முதலில் அந்த ஓடுகிற கடிகாரத்தை மறந்துவிடுங்கள். இன்று முடிகிற தள்ளுபடி அடுத்த வாரம் வேறொரு பெயரில் திரும்ப வரும். கோடு போட்டு அடித்திருக்கும் 'அசல் விலை'யைக் கொடுத்து வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. இதில் பெரிய செலவு மாணவரின் ஐந்தாறு மாதம்தான். அந்த மாதங்களை எந்த கோர்ஸிடம் ஒப்படைக்கிறோம் என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு சான்றிதழ்களைப் பலரும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்ததும் அந்தத் தளம் ஒரு சான்றிதழ் தரும். பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் அதில் அழகாக இருக்கும். அது கோர்ஸை முடித்ததற்கான அத்தாட்சி மட்டுமே. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்பது வேறு. நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோவின் சிசிஎன்ஏ, காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ், ஜூனிபரின் ஜேஎன்சிஐஏ போன்றவற்றுக்குத் தனியாகத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அந்தத் தேர்வுகள் பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களிலோ, வீட்டில் கேமரா கண்காணிப்பிலோ நடக்கும். கட்டணம் தனி. தள்ளுபடி கோர்ஸின் விலையைவிட அது பல மடங்கு அதிகமாகவும் இருக்கும். 'சர்டிஃபிகேஷன் கோர்ஸ்' என்ற பெயரைப் பார்த்து, தேர்வுக் கட்டணமும் அதில் அடக்கம் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். கோர்ஸ் பக்கத்தில் 'எக்ஸாம் வவுச்சர் உட்பட', அதாவது தேர்வுக் கட்டணச் சீட்டும் சேர்த்து, என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, உட்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, தேர்வின் எண்ணைப் பாருங்கள். சிசிஎன்ஏ-வின் எண் 200-301. அது 2020 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த 200-125 அன்றோடு முடிந்துபோனது. பழைய எண்ணைத் தலைப்பில் வைத்துக்கொண்டோ, தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழைய வீடியோக்களை வைத்துக்கொண்டோ விற்கப்படும் கோர்ஸ்கள் உண்டு. மிக அதிகத் தள்ளுபடியில் வருவனவற்றில் இதை அவசியம் சரிபாருங்கள். கண்டுபிடிக்க எளிய வழி பாடப் பட்டியல்தான். ரிப், இஐஜிஆர்பி, பிபிபி போன்ற பழைய பாடத்திட்டத் தலைப்புகளுக்கு நீண்ட பகுதிகள் இருந்து, புதிய பாடத்திட்டத்தில் உள்ள வயர்லெஸ், ஆட்டோமேஷன் (வேலைகளை நிரல் மூலம் தானாக நடத்துவது), ஜேசான், ரெஸ்ட் ஏபிஐ ஆகியவற்றுக்கு ஒன்றிரண்டு வீடியோ மட்டும் இருந்தால் அது பழைய சரக்கு. 2024 ஆகஸ்ட் 20 முதல் இதே தேர்வின் 1.1 பதிப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் செயற்கை நுண்ணறிவும் மெஷின் லேர்னிங்கும் நெட்வொர்க் பராமரிப்பில் எப்படிப் பயன்படுகின்றன என்ற தலைப்பு சேர்ந்தது. பப்பெட், செஃப் என்ற ஆட்டோமேஷன் கருவிகள் போய், அன்சிபிளோடு டெராஃபார்ம் வந்தது. நெட்வொர்க் பிளஸ் எழுதுவதானால் என்10-009 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூனில் வந்த அந்தத் தேர்வில் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். 900-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. தேர்வு நடத்தும் நிறுவனங்கள் பாடத்திட்டத்தைத் தங்கள் தளத்திலேயே இலவசமாக வெளியிடுகின்றன. பணம் கட்டும் நாளன்று அதைத் திறந்து, எண்ணும் பதிப்பும் அப்போது நடப்பில் இருப்பவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாடத்திட்டத்தை அச்செடுத்து, கோர்ஸின் பாடப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சிசிஎன்ஏ-வில் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை சதவீதம் என்று கொடுத்திருக்கிறார்கள். நெட்வொர்க் அடிப்படைக்கு 20, ஸ்விட்ச் சார்ந்த நெட்வொர்க் அணுகலுக்கு 20, நெட்வொர்க்குகளுக்கிடையே வழி காட்டும் ரூட்டிங்கிற்கு 25, முகவரி வழங்கும் டிஎச்சிபி, முகவரி மாற்றும் நாட் போன்ற ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10. நாற்பது மணி நேர கோர்ஸில் ரூட்டிங்கிற்கு மூன்று மணி நேரமும், கேபிள் வகைகளுக்கும் ஓஎஸ்ஐ என்ற கோட்பாட்டு அடுக்குகளுக்கும் பத்து மணி நேரமும் போயிருந்தால், அந்த ஆசிரியர் தனக்குச் சுலபமானதில் தங்கிவிட்டார் என்று பொருள். மொத்த மணி நேரம் கூடுதலாக இருப்பதால் மட்டும் தரம் கூடிவிடாது.

கோர்ஸ் தேறுமா தேறாதா என்பதைக் காட்டிக்கொடுப்பது லேப் எனப்படும் செய்முறைப் பயிற்சிதான். ஸ்லைடை வாசித்துக்கொண்டே போகும் வீடியோவால் நெட்வொர்க்கிங் வராது. ஒவ்வொரு தலைப்புக்கும் பாக்கெட் டிரேசர் (கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் சிஸ்கோவின் மென்பொருள்) ஃபைல் தருகிறார்களா, அதில் தீர்க்க வேண்டிய பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இலவச முன்னோட்ட வீடியோக்களில் விலான் (ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) அல்லது ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழி கண்டறியும் முறை) பற்றியது கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அறிமுக வீடியோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது எல்லா கோர்ஸிலும் நன்றாகத்தான் இருக்கும். விலான் 10-இல் ஒரு கணினி, விலான் 20-இல் ஒரு கணினி, நடுவில் ஸ்விட்ச், மேலே ரூட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங் போகவில்லை. இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல ஆசிரியர் முதலில் 'ஷோ விலான் பிரீஃப்' அடித்து, கணினி செருகியிருக்கும் போர்ட் சரியான விலானில் இருக்கிறதா என்று காட்டுவார். பிறகு 'ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்'. ரூட்டருக்குப் போகும் போர்ட் டிரங்காக, அதாவது பல விலான்களைச் சுமப்பதாக, இருக்கிறதா, அதில் விலான் 20 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக ஒவ்வொரு விலானுக்குமான ரூட்டரின் சப்-இன்டர்ஃபேஸில் விலான் எண் சரியா, மெயின் இன்டர்ஃபேஸில் அதை இயக்கும் 'நோ ஷட்டவுன்' கொடுத்தாயிற்றா என்று வருவார். கட்டளைகளை மட்டும் வேகமாக அடித்து, முதல் முறையே எல்லாம் வேலை செய்துவிடும் வீடியோவில் மாணவர் கற்றுக்கொள்வது டைப் அடிப்பதைத்தான். வேலையில் சம்பளம் கொடுப்பது, வேலை செய்யாத நெட்வொர்க்கை வேலை செய்ய வைப்பதற்கு.

நெட்வொர்க்கைச் சிறு தொகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் பாடத்தையும் இப்படியே சோதிக்கலாம். 192.168.10.77, மாஸ்க் /27. இது எந்த நெட்வொர்க்? /27 என்றால் 32 முகவரிகள் கொண்ட தொகுதி. 0, 32, 64, 96 என்று எண்ணிக்கொண்டே போனால் 77 விழுவது 64-இல். நெட்வொர்க் முகவரி 64, எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 95, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 94 வரை 30. இதை மனதிலேயே அரை நிமிடத்தில் போடும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். சிசிஎன்ஏ 120 நிமிடத் தேர்வு, விடை கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் திரும்பி வர முடியாது. இந்தக் கணக்கு வேலையில் எங்கே உதவும் என்பதையும் பாடம் சொல்ல வேண்டும். அதே கணினிக்கு யாரோ கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலான ரூட்டர்) முகவரியாக 192.168.10.97 கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். பக்கத்து மேசைக் கணினியோடு பேசும், பிரிண்டர் ஓடும், ஆனால் இன்டர்நெட் வராது. ஏனென்றால் 97 இருப்பது அடுத்த தொகுதியில். கணக்கோடு இப்படி ஒரு பழுதையும் சேர்த்துக் கற்றுத்தரும் கோர்ஸ் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

'சிசிஎன்ஏ, சிசிஎன்பி, சிசிஐஇ மூன்றும் ஒரே பேக்கேஜ்' என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பின்னிரண்டும் மேல்நிலைச் சான்றிதழ்கள். சிசிஐஇ-யின் லேப் தேர்வு மட்டுமே 8 மணி நேரம். பல வருடம் பெரிய நெட்வொர்க்குகளைக் கையாண்டவர்கள் எழுதுவது. இன்று படிப்பைத் தொடங்கும் மாணவர் அந்தப் பகுதியைத் திறப்பதற்குள் பாடத்திட்டமே மாறியிருக்கும். ஆரம்பக்காரருக்கு ஒரு தேர்வு, ஒரு கோர்ஸ் போதும்.

'தேர்வில் வரும் அதே கேள்விகள், தேர்ச்சிக்கு உத்தரவாதம்' என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டவே கூடாது. இவற்றை டம்ப் என்பார்கள். திருடிய கேள்விகள் அவை. பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்யவும், மேற்கொண்டு தேர்வு எழுதத் தடை விதிக்கவும் நிறுவனங்களுக்கு அதிகாரம் உண்டு. பிடிபடாவிட்டாலும் நேர்முகத் தேர்வில் முதல் பத்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். மாதிரித் தேர்வு என்பது வேறு. ஒவ்வொரு விடையும் ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்று விளக்கும் மாதிரித் தேர்வுகள் கட்டாயம் வேண்டும்.

தள்ளுபடி வவுச்சர்களிலும் எச்சரிக்கை தேவை. வவுச்சருக்குக் காலாவதித் தேதி இருக்கும். சில வவுச்சர்கள் குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே செல்லும். தயாராவதற்கு முன்பே வாங்கிவைத்தால், தேதி நெருங்குகிறதே என்று அரைகுறையாகப் படித்து எழுதித் தோற்க நேரும். தேர்வு நிறுவனம், பியர்சன் வியூ, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையம் இவற்றைத் தவிர வேறு எங்கும் வாங்க வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் மூன்று சிசிஎன்ஏ கோர்ஸ்களையும் முடித்து, கேட்கப்படும் மதிப்பெண் எடுத்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தில் சலுகை தரும் ஏற்பாடும் உண்டு. படிக்கும் கல்லூரியிலேயே அந்த அகாடமி இயங்குகிறதா என்று முதலில் விசாரியுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் என்று போட்டிருந்தால், எத்தனை நாளுக்குள், எவ்வளவு வீடியோ பார்த்திருந்தால் கிடைக்காது என்ற விதியையும் படியுங்கள். அந்த நாட்களுக்குள் குறைந்தது மூன்று லேபாவது செய்து பார்த்துவிட வேண்டும்.

சரி, இவ்வளவு செய்து சிசிஎன்ஏ வாங்கினால் வேலை கிடைக்குமா? ரெஸ்யூமேயை எடுத்துப் பார்க்க வைக்கும், நேர்முகம் வரை கொண்டுபோகும். முதல் வேலை பெரும்பாலும் ஹெல்ப் டெஸ்க், நாக் எனப்படும் நெட்வொர்க் கண்காணிப்பு மையம், அல்லது இடத்துக்கு இடம் போய் கருவி பொருத்தும் வேலையாக இருக்கும். கண்காணிப்பு மையம் என்றால் இரவு ஷிஃப்ட் உண்டு. அதைப் பிள்ளையிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது. நேர்முகத்தில் கேட்பது எளிமையாகத்தான் இருக்கும். "ஒரு கணினி 169.254-இல் தொடங்கும் முகவரியைக் காட்டுகிறது, என்ன நடந்திருக்கும்?" டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி வரவில்லை, கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று சொல்லி, அடுத்து எதை எதைப் பார்ப்பேன் என்று வரிசையாகச் சொல்கிறவருக்கு மதிப்பு. சிசிஎன்ஏ 3 வருடம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதனால் படிப்பு முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிற முதலாண்டு மாணவர் அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை. கடைசி ஆண்டின் தொடக்கத்தில் எழுதினால், வேலை தேடும் காலத்தில் சான்றிதழ் உயிரோடு இருக்கும்.

வீட்டில் கணினியே இல்லை, மொபைலில்தான் வீடியோ பார்க்க முடியும் என்றால் இப்போதைக்கு கோர்ஸ் வாங்க வேண்டாம். பாக்கெட் டிரேசர் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், அது இருந்தாலே சிசிஎன்ஏ-வுக்குப் போதும். ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி போன்ற கனமான மென்பொருள்களுக்குப் போனால்தான் 16 ஜிபி ரேம் போன்ற தேவைகள் வரும். நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நாற்பது மணி நேர வீடியோவுக்கு, லேபும் குறிப்பும் மறுபடி படிப்பதும் சேர்த்து 150 முதல் 200 மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாரம் பத்து மணி நேரம் என்றால் நான்கைந்து மாதம். இடையில் கல்லூரித் தேர்வு வந்தால் ஆறு. வாரம் மூன்று மணி நேரம்தான் முடியும் என்றால், கடைசிப் பகுதிக்கு வரும்போது முதல் பகுதி மறந்திருக்கும்.

பணம் கட்டும் முன் இரண்டு வாரம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பாக்கெட் டிரேசர் இலவசம். அகாடமி தளத்தில் கணக்குத் தொடங்கி இறக்கிக்கொள்ளலாம், அடிப்படைப் பாடங்களும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த இரண்டு வாரத்தில் மாணவர் தானாகவே ஐந்தாறு முறை உட்கார்ந்திருந்தால் கோர்ஸ் வாங்கலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்லித்தான் உட்கார்ந்தார் என்றால் பிறகு யோசிக்கலாம்.

வாங்கிய பிறகு, "எத்தனை சதவீதம் முடித்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீடியோவை ஓடவிட்டால் சதவீதம் தானாக ஏறும். மாதம் ஒருமுறை பக்கத்தில் உட்காருங்கள், உங்களுக்கு நெட்வொர்க்கிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு விலான், ஒரு ரூட்டர் வைத்து வெற்றுத் திரையிலிருந்து கட்டி, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு பிங் போவதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டியதும் அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஏதாவது ஒரு கணினியைக் க்ளிக் செய்து அதன் ஐபி முகவரியிலோ கேட்வேயிலோ ஓர் எண்ணை மாற்றிவையுங்கள். திரும்பி வந்து, எங்கே பிழை என்று அவர் எந்த வரிசையில் தேடுகிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு கணினியாக அழித்து மறுபடி கட்டத் தொடங்கினால் இன்னும் பயிற்சி வேண்டும், தேர்வுத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கேட்வேக்கு பிங் போகிறதா, இல்லையென்றால் முகவரியும் மாஸ்க்கும் சரியா என்று படிப்படியாகப் போய்ப் பிடித்துவிட்டால், தேர்வுக்குப் பதிவு செய்யச் சொல்லலாம்.