செர்ரி போட்ட பியர் ஏன் இனிப்பதில்லை

தம்பி, பெல்ஜியத்தின் லூவன் நகருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, ஆய்வகத்து நண்பர்கள் சனிக்கிழமை பிரஸ்ஸல்ஸில் இருக்கும் கான்டியோன் ப்ரூவரிக்குக் கூப்பிடுகிறார்கள், பழம் போட்ட புளிப்பு பியராமே, அதை எப்படிக் குடிப்பது, பிடிக்காவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் ஆசையாகக் கூட்டிப்போகும் இடம் அது. 1900-இல் தொடங்கிய ப்ரூவரி, இன்றும் அதே பழைய முறையில்தான் காய்ச்சுகிறார்கள்.

பியர் என்ற நினைப்போடு மட்டும் வாயில் வைக்காதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் பெரிய மடக்காகக் குடித்தேன். மாவடுவைக் கடித்ததுபோல் தாடை இறுகிவிட்டது, கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொல்லித்தந்தார்: மூன்று சிறு மிடறு குடிக்காமல் எதுவும் சொல்லாதே. முதல் மிடறில் புளிப்பு மட்டும்தான் தெரியும். இரண்டாவதில் நாக்கு பழகிவிடும், செர்ரியின் மணம் மேலே வரும். மூன்றாவதில் தொண்டைப் பக்கம் லேசாக ஒரு பாதாம் வாசனை எட்டிப்பார்க்கும். பழத்தைக் கொட்டையோடு போடுவதால் வருவது அது.

செர்ரி என்றதும் இனிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பழம் போகிறது, ஆனால் அதன் சர்க்கரையைப் பீப்பாய்க்குள் ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது நிறமும் மணமும் புளிப்பும்தான். இந்தச் செர்ரி பியருக்கு இங்கே க்ரீக் என்று பெயர். சூப்பர்மார்க்கெட்டில் இனிப்பாகக் கிடைக்கும் க்ரீக் பெரும்பாலும் பிறகு இனிப்புச் சேர்த்தது. இனிப்புச் சேர்க்காதது வேண்டுமென்றால் லேபிளில் 'அவுட க்ரீக்' என்று இருக்கிறதா பாருங்கள்.

அந்த ஈஸ்டையும் அவர்கள் வெளியிலிருந்து வாங்கிப் போடுவதில்லை. கோதுமையும் பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றைப் பரணில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி, காற்று வரும்படி இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். காற்றிலும் கட்டிடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் வந்து சேர்கின்றன. அதனால்தான் குளிர்மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் புகுந்து கெடுத்துவிடும். பிறகு மரப்பீப்பாயில் மாதக்கணக்கில், சிலது வருடக்கணக்கில் கிடக்கும். இட்லி மாவில் அம்மா ஈஸ்டா போட்டார்? அரைத்து வைத்தால் தானே பொங்கிப் புளிக்கிறது. இதை யோசித்த பிறகுதான் அந்தப் புளிப்பு எனக்கு அந்நியமாகப் படவில்லை. அங்கே சிலந்தி வலைகளைப் பார்த்தால் அழுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பழத்துக்கு வரும் ஈக்களைப் பிடிக்கட்டும் என்று சிலந்திகளை விட்டுவைத்திருக்கிறார்கள்.

வெறும் வயிற்றோடு போக வேண்டாம், புளிப்பு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, மேலே முள்ளங்கி வைத்துத் தின்பது பிரஸ்ஸல்ஸ் வழக்கம். இந்தப் பியரோடு அது அருமையாகச் சேரும். சில இடங்களில் பாட்டிலைக் கூடையில் சாய்த்துவைத்தே ஊற்றுவார்கள். அடியில் மண்டி இருக்கும், குலுக்கக் கூடாது.

குடிக்க மனமில்லை என்றால் "எனக்கு வேண்டாம், நன்றி" என்ற ஒரு வரி போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் அதற்காக யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டாலும் சரிதான். காரில் போக வேண்டாம். ரயிலில் மிடி நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

அப்புறம் ஒன்று. பீப்பாய்களுக்கு நடுவே நடக்கும்போது ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். ஈர மரம், நனைந்த வைக்கோல், பழைய தோல் எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். கோப்பையிலும் அதே வாசனைதான் இருக்கும். அதை முதலில் மூக்கால் பிடித்துக்கொண்டு, பிறகு குடியுங்கள்.