ஆரி வேலைக்காக மாதச் சம்பள வேலையை விடலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: வயது 27, ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, மாதம் 22,000 ரூபாய் சம்பளம். ஆரி எம்ப்ராய்டரி, அதாவது ஃப்ரேமில் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் நூலும் மணியும் வைத்துப் போடும் பூவேலை என்றால் உயிர். ராத்திரி உட்கார்ந்து செய்துகொடுத்த நாலைந்து பிளவுஸுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா, இல்லை ஆசைக்கு மட்டும் வைத்துக்கொள்வதா?

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை, ஏனென்றால் 2017-ல் இதே மாதிரி ஒரு கணக்கு வேலையில் இதே ஆரி ஊசியை மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவோடு இருக்கிறீர்கள், உங்கள் சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகிறது என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

விடலாம். ஆனால் ஆரியை மட்டும் நம்பி வேண்டாம். அதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் ஊர் மதுரை. அப்பா புதுமண்டபத்துத் தையல்காரர். தெரியாதவர்களுக்கு: மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். அந்தச் சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளும் பல காலம் இருந்தன. இப்போது கடைகளைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வேடம் போட்டுத் திரி எடுத்து ஆடுபவர்கள், அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுபவர்கள், எல்லோரும் சல்லடமும் (முழங்கால் வரை வரும் கால்சட்டை) உருமாவும் (தலைப்பாகை) சட்டையும் வாங்க அங்கேதான் வருவார்கள். அப்பாவுக்கு வாழ்க்கையில் பிடித்த வேலை அது ஒன்றுதான். மாசி பிறந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். சல்லடத்தின் ஓரத்தில் ஜரிகை வைத்து அடிக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். ஓரம் ஒரு நூல் விலகியிருந்தால் பிரித்துவிட்டு மறுபடி அடிப்பார், வாங்க வந்தவரே போதும் அண்ணே என்றாலும் விடமாட்டார்.

திருவிழா முடிந்ததும் உள்பாவாடை, தலையணை உறை, பள்ளிக்கூடச் சீருடை. டஜன் டஜனாக. எனக்குச் சின்ன வயதில் அதைப் பார்த்தால் கோபமாக வரும். இவ்வளவு நல்ல கை உள்ளவர் ஏன் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பேன். ஒருமுறை கேட்டே விட்டேன். "பாவாடை இல்லைன்னா மாசி மாசம் துணியும் ஜரிகையும் வாங்கக் காசுக்கு எங்கம்மா போறது?" என்றார். எனக்கு அப்போது அது தோற்றுப்போனவர் பேச்சாகத்தான் பட்டது. அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், 14,000 சம்பளம். ஆரி கற்றுக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. 2017 ஆனி மாதம் வேலையை விட்டேன். வீட்டு முன்னறையில் ஃப்ரேமைப் போட்டு, வாசலில் 'ஆரி ஒர்க் மட்டும்' என்று போர்டு வைத்தேன். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையை நான்தான் எழுதச் சொன்னேன், அதுதான் நான் செய்த தப்பு. பக்கத்துத் தெரு அக்காக்கள் ஃபால் அடித்துத் தருவியா, லைனிங் பிளவுஸ் தைத்துத் தருவியா என்று வந்தார்கள். இங்கே அதெல்லாம் செய்வதில்லை என்று அனுப்பிவிட்டேன்.

ஆனி முடிந்தால் ஆடி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கே தோன்றவும் இல்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் பட்டு எடுக்கக்கூடப் பல வீடுகளில் யோசிப்பார்கள். அந்த மாதம் முழுக்க ஒரே ஓர் ஆர்டர், அதுவும் என் சித்தி மகளுடையது. ஆடி கழிந்ததும் எல்லோரும் மொத்தமாக வந்து ஆவணி முதல் முகூர்த்தத்துக்கே வேண்டும் என்று நிற்பார்கள். அப்புறம் புரட்டாசி வந்துவிடும், பின்னால் மார்கழி. மணப்பெண் பிளவுஸை மட்டும் நம்பினால் பன்னிரண்டு மாதத்தில் மூன்று மாதம் அப்படியே போய்விடும்.

அந்த ஆவணியில்தான் அந்த மயில் பிளவுஸ். முதுகில் ஒரு மயில், இரண்டு கையிலும் தோகை இறங்கி வரவேண்டும் என்று பெண்ணின் அம்மா சொன்னார். படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, வரைந்த கோட்டில் ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தி, மண்ணெண்ணெயில் வெள்ளைப் பவுடரைக் குழைத்துத் துணியில் பதித்தேன். அதற்கே ஒரு நாள். மயில் கழுத்துக்கு நீலப் பட்டு நூல், அதைச் சுற்றி சர்தோசி என்கிற உலோகச் சுருள் நூல், தோகைக் கண்ணுக்குக் கட்தானா என்கிற சின்னக் குழாய் மணியும் கல்லும். கழுத்து நீலம் புடவை நீலத்தோடு ஒட்டவில்லை என்று இரண்டு தடவை பிரித்தேன். ஆரி போடுபவர்களுக்குத் தெரியும், அது சங்கிலித் தையல், முடிச்சை எடுத்துவிட்டு இழுத்தால் வரிசை மொத்தமும் வந்துவிடும். பிரிப்பது நிமிஷம், திரும்பப் போடுவது ஒரு ராத்திரி. அந்தப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு அழுதே விட்டாள். நானும் அழுதேன். 6,500 ரூபாய் வாங்கினேன். வாங்கும்போது, இவ்வளவு கொடுக்கிறார்களே என்று நிஜமாகவே நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து வாடகை நாள் வந்தது, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி, கல், ஜரிகை, பட்டு நூல், லைனிங் எல்லாம் சேர்த்து 1,700. மீதி 4,800. ஃப்ரேமில் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் 96 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேனே லைனிங் பிளவுஸ், அதற்கு அப்போது எங்கள் பகுதியில் 400 ரூபாய். லைனிங் துணி, கொக்கி, நூல் போக 300 நிற்கும், எனக்கு இரண்டரை மணி நேர வேலை. மணிக்கு 120. கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் நான். கடைக்காரருக்கு ஒரு ரூபாய் விடாமல் கணக்கு வைத்தவள் என் கைக்குக் கணக்கு வைக்கவில்லை. பிடித்த வேலையில் இதுதான் ஆபத்து என்று நினைக்கிறேன். மணி பார்க்கத் தோன்றாது.

உடனே சிலர் வருவார்கள், நீங்கள் விலை வைக்கத் தெரியாமல் வைத்துவிட்டு ஆரியைக் குறை சொல்கிறீர்கள், 15,000 கேட்டிருக்க வேண்டும் என்பார்கள். கேட்டேன். அடுத்து வந்த நாலு பேரிடம் 11,000-க்கு மேல் சொன்னேன், மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அது எங்கள் தெருக்களில் ஒரு குடும்பம் பிளவுஸுக்கு என்று ஒதுக்கக்கூடிய பணம் இல்லை. சென்னையில் பெரிய கடை வைத்திருப்பவர்கள் வாங்குகிறார்கள் என்றால் அவர்களுடைய வாடகை வேறு, வருகிற ஆள் வேறு. வகுப்பு எடுக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் ஓர் அக்காவிடம் கற்றுக்கொண்டவள்தான். ஆனால் பதினைந்து நாளில் ஆரி கற்று மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிக்கலாம் என்று விளம்பரம் போட்டுப் பெண்களிடம் பணம் வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை. பதினைந்து நாளில் நூல் அறுந்து போகாமல் ஒரு கோடு போட வந்தாலே பெரிது.

இன்னொரு அனுபவம். டிசைனர் துணி விற்கும் ஒரு பொட்டிக்குக்கு (boutique), பெயர் வேண்டாம், இருபது பிளவுஸுக்கு ஆரி போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டுக்குத்தான் காசு வந்தது. மீதிக்கு இன்னும் பார்ட்டி தரவில்லை, பார்ட்டி தரவில்லை என்று ஒரு வருடம் இழுத்தார்கள். என் மயிலையும் என் அன்னத்தையும் தங்கள் வேலை என்று இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள். காசு போனதைவிட அதுதான் வலித்தது. அதிலிருந்து வெளிக் கடைக்கு முன்பணம் பாதி வாங்காமல் ஊசி எடுப்பதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2018-ல் ஒரு பவர் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் வாங்க வேண்டும் என்று ஒரு வங்கிக்குப் போய், சிறுதொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடன் கேட்டேன். அந்தக் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது. அங்கே இருந்தவர் என் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார், அவர் சம்பளச் சீட்டைக் கொண்டாங்க" என்றார். தைக்கப்போவது நான், எட்டு மாத வரவு செலவை தேதி போட்டு எழுதிக்கொண்டுபோனது நான், கேள்வி மட்டும் அவரைப் பற்றி. மூன்று முறை நடந்தேன். கடைசியில் தெருச் சீட்டு எடுத்துத்தான் மெஷின் வாங்கினேன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. வீட்டில் இருந்து தைக்கிற பெண் என்றால் சும்மா பொழுதுபோக்குக்குச் செய்கிறாள் என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள்?

மெஷின் வாங்கிய அன்றைக்கு போர்டில் 'மட்டும்' என்பதை அழித்தேன். லைனிங் பிளவுஸ், ஃபால், ஓரம் அடிப்பது, புடவைக் குஞ்சம், எது வந்தாலும் வாங்கினேன். முதல் இரண்டு மாதம் மனசு ஒப்பவில்லை, உண்மைதான். அந்தப் புரட்டாசியில் தீபாவளி பிளவுஸ் வந்து குவிந்தது, கல்யாணமே இல்லாத மாதத்தில் என் கையில் 19,000 நின்றது. அதற்கப்புறம் வந்த மணப்பெண் ஆர்டரில், அவசரமாக வாங்கிப் போட வேண்டிய நிலைமை இல்லாததால், இந்த விலை, இத்தனை நாள், முடியாதென்றால் பரவாயில்லை என்று நிதானமாகச் சொல்ல முடிந்தது. அப்பா அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கையில் ஐந்து கல்யாண ஆர்டர், ஐந்தும் தள்ளிப்போயின. அப்புறம் ஐம்பது பேரோடு வீட்டிலேயே கல்யாணத்தை முடித்தவர்கள் ஆரி வேண்டாம், சாதாரணமாகத் தைத்தால் போதும் என்றார்கள். முகக்கவசமும் தெருக்காரர்கள் பிளவுஸும்தான் அந்த வருடம் வாடகை கட்டின. அப்பா அந்தச் சித்திரைக்கென்று தைத்து வைத்திருந்த சல்லடங்கள் எல்லாம் சாக்கில் கட்டிப் பரணுக்குப் போயின. 2021-லும் மக்கள் கூடித் திருவிழா நடக்கவில்லை. 2022-ல் அழகர் மறுபடி கூட்டத்தோடு ஆற்றில் இறங்கப்போகிறார் என்றதும் சாக்கை இறக்கினார். சிலவற்றில் ஜரிகை கறுத்திருந்தது. அப்படியே கொடுத்தாலும் வாங்கியிருப்பார்கள், ரெண்டு வருடம் கழித்து வருகிற திருவிழா, யார் ஜரிகையைப் பார்க்கப் போகிறார்கள்? அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஓரத்தைப் பிரித்துப் புது ஜரிகை வைத்து அடித்தார். விலையை ஏற்றவில்லை. புது ஜரிகைக்குக் காசு, அந்த வருடம் அடித்த சீருடையில் வந்தது.

இப்போது நான் வாரத்தில் நாலு நாள் சாதா தையல், மூன்று நாள் ஃப்ரேம். ஒரு மாதத்துக்கு மூன்று மணப்பெண் பிளவுஸுக்கு மேல் வாங்குவதில்லை. பெரிய பணம் என்று சொல்ல முடியாது, விட்ட சம்பளத்தைவிட நன்றாகவே அதிகம், அவ்வளவுதான். எல்லோருக்கும் இதுதான் வழி என்று சொல்லவும் வரவில்லை, சமையலிலோ போட்டோவிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கும்.

உங்களுக்கு: வேலையை உடனே விட வேண்டாம். அடுத்து வருகிற ஐந்து பிளவுஸுக்கும் ஊசி எடுக்கும்போது மணியை எழுதுங்கள், வைக்கும்போது மணியை எழுதுங்கள், பிரித்துப்போட்ட நேரத்தையும் சேர்த்து. எப்போது விட்டாலும் ஆடிக்கு முன்னால் மட்டும் விடாதீர்கள். பிளவுஸ் வெட்டித் தைக்கத் தெரியுமா என்று நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை. ஆரி மட்டும் தெரிந்தவர்கள் வேலை முடிந்த துணியை வேறு டெய்லரிடம் கொடுக்கிறார்கள், அவர் தையல் ஓட்டும் இடத்தில் மணி இருந்தால் மெஷின் ஊசி உடையும், மணியும் உடையும், கழுத்து வளைவு ஒரு விரல் தள்ளிப்போனால் உங்கள் பத்து நாள் உழைப்பு கோணலாக நிற்கும். பழி உங்களுக்குத்தான் வரும். தெரியாதென்றால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே உங்கள் தெருவில் தைக்கிற அக்கா யாரிடமாவது ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருங்கள். முதலில் உள்பாவாடைதான் கொடுப்பார்கள், வாங்கித் தையுங்கள்.