வேலை கிடைக்கும் தம்பி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்

கோயம்புத்தூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் முழு வேலைவாய்ப்பை இலக்காக ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறதாமே, அப்படியென்றால் வேலை தேடி வருபவர்களுக்குக் கொடுக்கும் சான்சன்கார்டே என்ற அனுமதியை எடுத்து ஜெர்மனி வந்தால் ஒரு வருஷத்துக்குள் வேலை நிச்சயம்தானே, எந்த நகரம் நல்லது, குளிர் தாங்குமா என்று. குளிருக்கு இங்கே வந்து ஜாக்கெட் வாங்கலாம். நகரத்தை உங்கள் வேலைதான் முடிவு செய்யும். முதல் கேள்விக்கு வருகிறேன்.

எழுதியிருப்பது உண்மைதான், ஒன்றிய ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. 2030க்குள் 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 78 சதவீதம் பேர் வேலையில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் சேர எவ்வளவு வேலை செய்ய வேண்டும் தெரியுமா? கணக்கெடுக்கும் வாரத்தில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் செய்திருந்தால் போதும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2005இல் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்கள். அந்தப் பெப்ரவரியில் இந்த நாட்டில் வேலையில்லாதவர்கள் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அப்புறம் ஒரு பேக்கரியில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய், கருகிப் பிடித்த தட்டுகளைச் சுரண்டிக் கழுவும் மினிஜாப், அதாவது சம்பளத்துக்கு வரம்பு வைத்த சின்ன வேலை, கிடைத்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 400 யூரோவுக்கு மேல் போகக் கூடாது. 15 மணி நேரத்துக்குக் குறைவு என்பதால் இங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கணக்கில் நான் வேலையில்லாதவன், ஐரோப்பியக் கணக்கில் வேலையில் இருப்பவன். தட்டு சுரண்டியவன் என்னவோ ஒருத்தன்தான்.

அதனால் சொல்கிறேன், 2025இல் அந்த வரம்பு 556 யூரோ ஆனாலும் மினிஜாப் மினிஜாப்தான், வேலையிழப்புக் காப்புறுதி அதில் கிடையாது. சான்சன்கார்டேயில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம், சாப்பாட்டுக்கு உதவும், அதிலேயே சொகுசாக உட்கார்ந்தால் வருஷம் ஓடிவிடும். கம்பெனி நேரடியாக எடுக்கிறதா, ஆட்களை வாடகைக்கு அனுப்பும் ஏஜென்சியா என்றும் பாருங்கள். அப்புறம் மொழி. ஆங்கிலம் போதும் என்று பெர்லினில் இருக்கும் ஐடிக்காரர் யாராவது சொல்வார், அவர் வாடகை ஒப்பந்தத்தை வாசிக்கவே இன்னொருவரைக் கூட்டிப் போகிறவர். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவில் போய்க் கேளுங்கள், வாழ்நாள் முழுக்கக் கோப்பை கழுவியவர்கூடத் தன்னை மானேஜர் என்பார்.

நான் வந்தது 1985இல், கிழக்கு பெர்லினில் இறங்கி ரயில் பிடித்து மேற்குக்கு வந்தவன். ரூர் பக்கம் ஒரு முகாமில் ஒரு அறைக்கு நான்கு பேர். அகதி மனுப் போட்டவன் வேலை செய்யக் கூடாது, மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. 1967லேயே உயர்ந்த வேலைவாய்ப்பைப் பொருளாதாரக் கொள்கையின் இலக்காகச் சட்டத்தில் எழுதிய நாடு இது, ஆனால் நான் வந்தபோது 20 லட்சத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள், எங்களுக்கு யார் தரப்போகிறார்கள். பகல் முழுக்கக் கட்டிலில் இருந்து, கதவடியில் போடும் கடை விளம்பரத் தாள்களை வாசித்தே ஜெர்மன் பழகினேன். விலையெல்லாம் படத்தோடு இருக்கும். முதலில் பழகிய சொற்கள் உருளைக்கிழங்கு, பன்றிக் கால், ‘இன்று மட்டும்’. பின்னால் ஒரு உணவகச் சமையலறையில் இந்த மூன்றும் நன்றாகவே உதவின.

இப்போது ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வருஷா வருஷம் கடிதம் வருகிறது. போன தடவை மகள் என் காப்புறுதிப் பதிவை எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் வருஷங்களுக்கு ஒன்றுமே இல்லையே அப்பா, அப்போது என்ன செய்தீர்கள் என்றாள். உருளைக்கிழங்கு விலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.