இலங்கை மலையகத்தில் பழைய கட்டடங்களையும் காப்பாற்றி, சூழலுக்கு ஏற்ற புது வீடுகளையும் கட்ட முடியுமா?

முடியும். ஆனால் எதைப் பாரம்பரியம் என்கிறோம் என்பதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அந்தப் பேச்சு எடுத்தாலே தோட்டத் துரையின் பங்களாவும், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையும்தான் வரும். கந்தப்பொலையில் ஹெதர்செட் ஸ்டோரை இடிக்காமல், பழைய இயந்திரங்களையும் உள்ளே வைத்தே 1996இல் ஹோட்டலாக்கினார்கள். ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் இன்று தேயிலை அருங்காட்சியகம். இரண்டும் நல்ல வேலை. நிற்கிற சுவரை உடைக்காமல் திரும்பப் பயன்படுத்தினாலே எவ்வளவோ சிமெந்தும் மணலும் மிச்சம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. நான் வளர்ந்தது பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் (அறையில்), ஏழு பேரோடு. அதை அப்படியே வைத்து ஆட்களையும் அதிலேயே இருக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அதுபோல இன்னும் சில இடங்களில் வைத்தால் போதும், மற்றவர்களுக்கெல்லாம் நல்ல வீடு வேண்டும்.

சரி, புது வீடு எப்படி இருக்க வேண்டும்? எங்கள் லயத்தை உடைத்தபோது அப்பா அத்திவாரக் கருங்கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டி எடுத்து, புது வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் அணை கட்டினார். பழைய சுண்ணாம்பு ஒட்டிய அந்தக் கற்கள் இன்றுவரை அசையவில்லை. வீட்டின் தட்டைக் கொங்கிரீட் கூரையோ முதல் பெருமழைக்கே ஒழுகியது. லயத்துக் கூரை வெறும் தகரம்தான், ஆனால் சரிவாக இருந்ததால் தண்ணீர் நிற்காது. அப்புறம் கான், அதாவது வடிகால். சரிவில் மழைநீர் வடிய அந்தக் காலத்திலேயே வெட்டியது, அதைத் தூர்த்துவிட்டு வீடு கட்டினால் தண்ணீரெல்லாம் மண்ணுக்குள்தான் இறங்கும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியதைப் பார்த்த பிறகும் மலையில் தண்ணீர் போகும் வழியை யோசிக்காமல் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1950களில் வட்டபுலுவ வீட்டுத் திட்டத்தை வரையும் முன், குடிவரப் போகிறவர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் வீடு கட்ட வந்தவர்கள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு நனைந்தால் காயப்போட ஒரு இஸ்தோப்பும் (திண்ணையும்), விறகடுப்புப் புகை வெளியே போக ஒரு வழியும் வேண்டும் என்று சொல்லியிருப்பார்.