செதில் சுரண்டி: அச்சுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: தேவிபட்டினத்தில் இருக்கிறோம். மீன் கழுவும்போது செதில் அடுப்படி முழுக்கத் தெறிக்கிறது. பல் வெட்டிய தகட்டின் மேல் பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டிலை மூடிபோலப் பொருத்தி ஒரு சுரண்டி செய்தேன். செதில் உள்ளேயே விழுகிறது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பேட்டன்ட் வாங்கி, பிளாஸ்டிக் அச்சுப் போட்டு விற்கலாமா? வீடியோ எடுத்துப் போடலாமா?

பதில்: வீடியோவை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள், அச்சையும்தான். விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளியானது காப்புரிமைச் (பேட்டன்ட்) சட்டப்படி புதியது ஆகாது. நீங்களே போட்ட வீடியோவும் உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். முன்கூட்டியே விற்றாலும் இதே கதிதான். இதுவரை வீட்டாரோடு நின்றது நல்லது.

முதலில் தேடிப் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம் இரண்டும் இலவசம். மூடி வைத்த ‘ஃபிஷ் ஸ்கேலர்’ ஏற்கெனவே சந்தையில் இருப்பது தெரியவரும். தெரிந்த இரண்டு பொருட்களைத் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்யும்படி சேர்த்து வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு. உங்கள் மூடி கழன்று மாட்டும் விதத்திலோ, செதில் வடியும் வழியிலோ புதிதாக ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் முயலலாம். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். கண்டுபிடிப்பின் தற்காலிக விவரத்தோடு (புரொவிஷனல்) விண்ணப்பித்தால் 12 மாதத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிப்பதற்குத் தனியாக 4,000 ரூபாய். காப்புரிமை முகவர் கூலி இவை எல்லாவற்றையும் விடப் பெரிது.

இந்தப் பொருளுக்கு எங்கள் யோசனை வடிவமைப்புப் பதிவுதான் (டிசைன்). தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 10 ஆண்டு பாதுகாப்பு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். காக்கப்படுவது தோற்றம் மட்டும். வேலை செய்யும் விதம் அல்ல. இதற்கும் வெளியிடும் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். பெயர் வைத்து விற்பதானால் வணிகக் குறிக்கு (டிரேட்மார்க்) 4,500 ரூபாய்.

அடுத்தது, யார் வாங்குவார்கள்? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் தெருவில் அரிவாள்மனையும் கத்தியின் முதுகும் போதும் என்பார்கள். மதுரை, சென்னை அடுக்குமாடிக்காரர்கள் சந்தையிலேயே வெட்டி வாங்கிக்கொள்கிறார்கள். மிஞ்சுவது முழு மீனாக வாங்கி வீட்டில் கழுவுபவர்கள், கூலிக்கு வெட்டிக் கொடுப்பவர்கள். சோதனைக்கு இரண்டாமவரே ஏற்றவர்கள். பதிவுக்கு விண்ணப்பித்த கையோடு, ராமேஸ்வரம், பாம்பன், ராமநாதபுரம் சந்தைகளில் மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களிடம் பத்துச் சுரண்டிகளைக் கொடுங்கள். நாளெல்லாம் அவர்கள் கையில் புழங்கினால் ஒரு வீட்டின் ஓராண்டுத் தேய்மானம் சில நாளில் தெரிந்துவிடும். மத்திச் செதில் தண்ணீரிலேயே போய்விடும், அது சோதனை ஆகாது. விளமீன், கொடுவா, கிளிமீன் மூன்றிலும் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால்தான் நம்புங்கள். பல்லின் இடைவெளி நெருக்கமானால் செதில் அடைக்கும். முனை கூராக இருந்தால் தோல் கிழியும். 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளியும் மழுக்கிய முனையுமாகத் தொடங்கிப் பாருங்கள்.

தகடு 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். 202 மலிவு, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. உப்புக் காற்றில் சீக்கிரம் துரு பூக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பார்கள், அது தவறு: 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆகவே ரகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். துரு முதலில் பிடிப்பது பற்றவைத்த இடத்திலும், தகடும் கைப்பிடியும் சேரும் இடுக்கிலும். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, தினமும் மாலையில் பத்து நிமிடம் முக்கி, துடைக்காமல் திறந்த வெளியில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். இடுக்கில் பழுப்புக் கோடு தெரிந்தால் தகட்டைக் கழற்றிக் கழுவும்படி மாற்றுங்கள். மீன் வாடைக்கும் அதுவே மருந்து.

முப்பரிமாண அச்சில் (3டி பிரிண்ட்) எடுத்த மாதிரி, வடிவம் பார்க்க மட்டும். அதில் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். அடுக்குக் கோடுகளில் மீன் கொழுப்புத் தங்கும். முதல் 50 சுரண்டிகளுக்குத் தகட்டை லேசரில் வெட்டி வாங்கி, கடையில் கிடைக்கும் டப்பாவையே மூடியாக்குங்கள்.

பிளாஸ்டிக் வார்க்கும் அச்சின் கணக்கு இது. அச்சு ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், 500 விற்கும்போது ஒன்றுக்கு 300 ரூபாய் அச்சுக்கே போகும். 10,000 விற்கும்போது 15 ரூபாய்தான். மதுரை அருகே கப்பலூரிலோ கோவையிலோ அச்சு செய்பவரிடம், மூடி கவ்வும் கொக்கியை முதலில் மெலிதாக வைக்கச் சொல்லுங்கள். அச்சில் இரும்பைச் செதுக்கிக் கொக்கியைத் தடிப்பாக்குவது எளிது, இரும்பை ஏற்றி மெலிதாக்குவது பெரும்பாடு. மூடிக்குப் பாலிபுரொப்பிலீன் போதும். பாலிஸ்டைரீன் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், கீழே விழுந்தால் விரிசல் விடும்.

பெட்டியில் விலை 199 ரூபாய் என்று போட்டால் உங்கள் தயாரிப்புச் செலவு 50 முதல் 60-க்குள் நிற்க வேண்டும். மீதி வரி, கடைக்காரர் பங்கு, பெட்டி, கூரியர், திரும்பி வரும் சரக்கு என்று கரையும். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, விலை, எண்ணிக்கை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ‘உங்கள் ஐடியாவை நாங்கள் விற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்பவருக்கும் அதே பதில்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. புரட்டாசியில் பல வீடுகளில் மீனே கிடையாது. சந்தைச் சோதனையை ஜூன் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு அனுப்புவது ஐப்பசிக்குப் பிறகு.