கேள்வி – பதில்: சமூக மேம்பாட்டு மானியம் உங்கள் தெருவுக்கு வருமா?

அமெரிக்க நகரங்கள் மத்திய அரசிடமிருந்து ஆண்டுதோறும் பெறும் சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் (சுருக்கமாக சி.டி.பி.ஜி.) பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவும் அவற்றுக்கான பதில்களும்.

பூங்கா, நடைபாதை என்று எங்கள் நகரில் பல இடங்களில் 'சி.டி.பி.ஜி. நிதியில் அமைக்கப்பட்டது' என்று பலகை வைத்திருக்கிறார்கள். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? யார் பங்கு போடுகிறார்கள்?
– வாசகர், ஓஹாயோ

1974 ஆகஸ்டில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட வீட்டுவசதி, சமூக மேம்பாட்டுச் சட்டத்தில் பிறந்தது இந்த மானியம். அதற்கு முன் நகர்ப் புதுப்பிப்புக்கு ஒரு திட்டம், மாதிரி நகரங்களுக்கு ஒரு திட்டம் என்று வாஷிங்டன் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, 'எதைக் கட்டுவது என்பது உங்கள் இஷ்டம். யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் சொல்வோம்' என்று நகரங்களிடம் கொடுத்தார்கள். இந்தப் பின்பாதியைக் கவனிக்காமல்தான் பலருடைய மனு முதல் சுற்றிலேயே விழுகிறது.

பணத்தைக் கையாள்வது வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை. சுருக்கமாக 'ஹட்'. அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 330 கோடி டாலர் ஒதுக்கப்பட்டுவருகிறது. அதில் 70 சதவீதம் பெருநகர்ப் பகுதிகளின் முதன்மை நகரங்களுக்கும், 50,000 பேருக்குக் குறையாத மற்ற நகரங்களுக்கும், பெரிய கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை) நேரடியாகப் போகிறது. மீதி 30 சதவீதம் மாநிலங்கள் வழியாகச் சிற்றூர்களுக்கு.

எந்த நகருக்கு எவ்வளவு என்பதில் பேரத்துக்கு இடமில்லை. இரண்டு சூத்திரங்கள் இருக்கின்றன. முதலாவதில் மக்கள்தொகைக்கு 25, வறுமைக்கு 50, வீடுகளில் ஆள் நெரிசலுக்கு 25 சதவீத எடை. 1977இல் சேர்க்கப்பட்ட இரண்டாவதில் 1940க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 50, வறுமைக்கு 30, மக்கள்தொகை வளர்ச்சி பின்தங்கியதற்கு 20. எதில் அதிகம் வருகிறதோ அது. உங்கள் ஓஹாயோவின் பழைய தொழில் நகரங்களுக்கு இரண்டாவது சூத்திரம்தான் கைகொடுக்கிறது.

பணம் நகருக்கு வந்தபின் நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலைப் பயிற்சி, முதியோர் உணவு போன்ற சேவைகளுக்கு 15 சதவீதம் உச்சவரம்பு. ஒரு நகருக்கு 10 லட்சம் டாலர் வந்தால், இவை இரண்டும் போக நடைபாதை, பூங்கா, வீடு பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது சுமார் 6.5 லட்சம். அதற்குத்தான் போட்டி. பெரும்பாலான ஊர்களில் அலுவலர்களோ ஆலோசனைக் குழுவோ விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள், நகர மன்றம் வாக்களிக்கும். தமிழ்நாட்டின் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியைப் போல உறுப்பினர் ஒருவர் பரிந்துரைத்தவுடன் நகர்கிற பணம் இல்லை இது.

எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. பிள்ளைகள் சாலையோரமாகவே நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். நிறையப் பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். 'உங்கள் பகுதிக்குத் தகுதி இல்லை' என்று திருப்பிவிட்டார்கள். அது என்ன தகுதி?
– வாசகி, நியூ ஜெர்சி

இந்த மானியத்தில் கையெழுத்தைவிட வரைபடத்துக்குத்தான் எடை அதிகம். செலவாகும் ஒவ்வொரு டாலரும் மூன்று தேசிய நோக்கங்களில் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்: குறைந்த, நடுத்தர வருமானத்தாருக்குப் பயன், சிதிலமடைந்த பகுதியைச் சீர்செய்தல், அவசரத் தேவை. மொத்தத்தில் குறைந்தது 70 சதவீதம் முதல் நோக்கத்துக்கே போக வேண்டும் என்பதால், நடைமுறையில் எல்லாமே அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

நடைபாதை ஒரு பகுதி முழுவதற்கும் பயன்படுவது. ஆகவே அதைப் பயன்படுத்தும் பகுதியில் வசிப்பவர்களில் 51 சதவீதம் பேராவது குறைந்த, நடுத்தர வருமானத்தாராக இருக்க வேண்டும். வட்டாரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேற்படாத வருமானம் என்று இதற்கு அர்த்தம். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். 'நாங்கள் ஒன்றும் ஏழைகள் இல்லையே' என்று ஒதுங்கிவிடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோ போன்ற விலைவாசி உயர்ந்த இடங்களில் நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த வரம்பு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊரைப் 'பிளாக் குரூப்' என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் இந்த வருமானத்தார் எத்தனை பேர் என்ற பட்டியலை ஹட் வெளியிடுகிறது. கற்பனையாக ஒரு கணக்கு: முதல் துண்டில் 1,600 பேர், அவர்களில் 900 பேர் வரம்புக்குள். அதாவது 56 சதவீதம், தேறிவிடும். பக்கத்துத் துண்டில் 1,300 பேர், 500 பேர்தான் வரம்புக்குள். இரண்டு துண்டுகளுக்கும் பொதுவாக நீண்ட நடைபாதை கேட்டால் 2,900 பேரில் 1,400. 48 சதவீதம்தான். வேலை முழுவதுமே விழுந்துவிடும். முதல் துண்டின் மக்கள் மட்டும் பயன்படுத்தும் குறுக்குத் தெருவுக்குக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரு எச்சரிக்கை: சதவீதம் வரவேண்டும் என்பதற்காக எல்லையை இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. உள்தெரு என்றால் அங்கே வசிப்பவர்கள், நூலகம் என்றால் அதற்கு வந்துபோகும் மொத்த வட்டாரம் என்று காரணத்தோடு காட்ட வேண்டும். தணிக்கையில் முதலில் கேட்பதே இதைத்தான்.

சதவீதம் குறைந்தால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் நகரிடம் 'விதிவிலக்கு வரம்பு' உண்டா என்று கேளுங்கள். 51 சதவீதத்தை எட்டும் பகுதிகள் மிகக் குறைவாக உள்ள வசதியான நகரங்களுக்கு ஹட் இன்னும் தாழ்ந்த வரம்பைத் தருகிறது. பட்டியலுக்குப் பதிலாக வீடு வீடாகக் கணக்கெடுப்பும் நடத்தலாம். அதை நகரமோ அது ஏற்கும் அமைப்போ முறைப்படி செய்ய வேண்டும். மாதிரி வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். 'உங்கள் வருமானம் எவ்வளவு' என்று கேட்டால் கதவைச் சாத்துவார்கள். 'உங்கள் குடும்பத்தில் நான்கு பேர் என்றால், வருமானம் இந்தத் தொகைக்கு மேலா, கீழா' என்று கேட்டால் பதில் வரும். இன்னொரு வழி, நடைபாதையை விட்டுவிட்டுத் தெருமுனைச் சாய்தளங்களை மட்டும் கேட்பது. முதியோருக்கும் கடுமையான உடற்குறை உள்ள பெரியவர்களுக்கும் தடையை நீக்கும் வேலை என்றால், அவர்களை வரம்புக்குள் இருப்பவர்களாகவே விதி எடுத்துக்கொள்கிறது. பகுதிக் கணக்கு தேவைப்படாது.

சாலைக் குழிகளை மூடுவது, புல் வெட்டுவது, விளக்கு மாற்றுவது ஆகியவற்றுக்கு மனுவே போடாதீர்கள். பராமரிப்பு வேலைக்கு இந்தப் பணம் கிடையாது. சாலையைப் புதிதாகப் போட்டால் உண்டு.

எங்கள் கோவில் வளாகத்தில் சமூகக் கூடம் இருக்கிறது. வார இறுதியில் தமிழ் வகுப்பு. மாதம் இருமுறை இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் வழங்குகிறோம். கூடத்தின் கூரையை மாற்ற மானியம் கேட்கலாமா?
– வாசகர், டெக்சாஸ்

மத அமைப்பு என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது. ஆனால் வழிபாட்டுக்குப் பயன்படும் கட்டடத்தைக் கட்டவோ பழுதுபார்க்கவோ பணம் வராது. ஒரே கட்டடத்தில் இரண்டும் நடந்தால், மதம் சாராத பயன்பாட்டின் பங்குக்கு மட்டும் கேட்கலாம். கருவறை இருக்கும் மண்டபம் எந்தக் கணக்கிலும் சேராது. உணவுப் பொருள் வாங்க வருபவர் பூஜையில் கலந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக் கூடாது.

தமிழ் வகுப்பை விண்ணப்பத்தில் முன்னிறுத்தாமல் இருப்பது நல்லது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களில் 51 சதவீதம் வரம்புக்குள் வரும் என்று காட்டுவது பெரும்பாலான ஊர்களில் கஷ்டம். உணவு வழங்கல்தான் உங்கள் பலம். ஒவ்வொரு முறையும் வருபவர்களின் குடும்ப எண்ணிக்கை, வருமான வரம்பு ஆகியவற்றை ஒரு தாளில் கையெழுத்தோடு பதிவு செய்யுங்கள். ஓராண்டுப் பதிவேடு கையில் இருந்தால் மதிப்பெண் ஏறும். கூரையைவிட, அந்தச் சேவைக்கான செலவைக் கேட்பது எளிது. சேவைக்குக் கேட்டால் அது புதியதாகவோ முன்பைவிட அளவில் கூடியதாகவோ இருக்க வேண்டும். நகரமோ மாநிலமோ ஏற்கெனவே கொடுத்துவந்த பணத்தை இதைக் கொண்டு ஈடுகட்ட விடமாட்டார்கள்.

எங்கள் லாப நோக்கற்ற அமைப்பின் குழந்தைகள் மையத்துக்கு விளையாட்டுத் திடல் போட நகரம் மானியம் அறிவித்துவிட்டது. ஒப்பந்தக்காரர் 'இப்போதே முன்பணம் கொடுத்தால் பழைய விலை' என்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, மிச்சிகன்

கூடாது. மானியத் தொகை முழுவதையும் இழக்க இது ஒன்றே போதும்.

மானியம் அறிவிப்பதும் வேலை தொடங்கலாம் என்பதும் ஒன்றல்ல. முதலில் நகரம் சுற்றுச்சூழல் ஆய்வை முடிக்க வேண்டும். வெள்ளப்பகுதியா, மண்ணில் நச்சு உண்டா, பழைமையான கட்டடம் பாதிக்கப்படுமா என்றெல்லாம் பார்த்துப் பதிவு செய்வார்கள். மாநில வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கலந்தால் அவர்களுக்கே 30 நாள் அவகாசம். வேலையின் வகையைப் பொறுத்து அறிவிப்பு, ஹட்டின் 15 நாள் ஆட்சேபக் காலம் என்று நீளும். பணம் விடுவிக்கப்படும் முன் ஒப்பந்தம் போட்டாலும், நிலம் வாங்கினாலும், தோண்டினாலும் விதிமீறல். 'எங்கள் சொந்தப் பணத்தில்தானே கொடுத்தோம்' என்ற வாதமும் செல்லாது. விண்ணப்பித்தபின் எந்தப் பணத்தில் செய்தாலும் அது திட்டத்தைச் சேர்ந்ததாகவே கருதப்படும்.

அடுத்தது கூலி. கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினால் டேவிஸ்-பேக்கன் சட்டம் வரும். உங்கள் கவுண்டிக்கு மத்திய அரசு நிர்ணயித்த கூலியைத் தர வேண்டும், வாராவாரம் சான்றளித்த சம்பளப் பட்டியல் வாங்க வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போதே இதைச் சொல்லாவிட்டால், பாதி வேலையில் ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்பார். நண்பர், நிர்வாகக் குழு உறுப்பினரின் மைத்துனர் என்று யாருக்கும் நேரடியாகக் கொடுக்கவும் முடியாது. போட்டி விலைப்புள்ளி கட்டாயம்.

பெரும்பாலான நகரங்கள் செலவழித்த பிறகே பணம் தருகின்றன. ரசீது, காசோலை நகல், சம்பளப் பட்டியல் எல்லாம் சரியாக இருந்தால்கூடச் சில வாரங்கள் ஆகும். இரண்டு தவணைகளைத் தாங்கும் அளவு கையிருப்போ வங்கிக் கடன் வசதியோ இல்லாத சிறு அமைப்புகள் இங்கேதான் மூச்சுத் திணறுகின்றன. அப்படிப்பட்டவர்கள் திடலை நகரமே கட்டித் தருமா என்று கேட்பது மேல்.

பக்கத்து வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார், கூரை ஒழுகுகிறது. எங்கள் பகுதி வசதியான பகுதி. அவருக்கு ஏதும் கிடைக்குமா?
– வாசகர், இல்லினாய்

கிடைக்கலாம். வீடு பழுதுபார்ப்புக்குப் பகுதிக் கணக்கு இல்லை, அந்தக் குடும்பத்தின் வருமானம் மட்டுமே பார்க்கப்படும். பல நகரங்கள் இதை வட்டியில்லாக் கடனாகத் தந்து, குறிப்பிட்ட ஆண்டுகள் அதே வீட்டில் வசித்தால் தள்ளுபடி செய்கின்றன. அதுவரை வீட்டின் மேல் அடமானப் பதிவு இருக்கும் என்பதை அவரிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். 1978க்கு முன் கட்டிய வீடானால் ஈய வண்ணப்பூச்சு விதிகள் பொருந்தும். உதவி 5,000 டாலரைத் தாண்டினால் அபாய மதிப்பீடும் 25,000ஐத் தாண்டினால் ஈயத்தை அகற்றும் வேலையும் சேரும். கூரைக்கு ஒதுக்கியதில் கணிசமான பகுதி அதற்கே போய்விடுவதுண்டு.

பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனால் ஏதாவது மாறுமா? எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதாகத் தோன்றுகிறது.
– வாசகி, கலிபோர்னியா

நீங்கள் போனது எந்தக் கூட்டம் என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு கூட்டங்கள், திட்டத்தின் வெவ்வேறு கட்டங்களில் நடத்த வேண்டும். திட்ட ஆண்டு ஜூலை 1இல் தொடங்கினால், 45 நாள் முன்பு, அதாவது மே நடுவில், ஆண்டுச் செயல்திட்டம் ஹட்டின் கைக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு முன் 30 நாள் வரைவு பொதுப் பார்வைக்கு இருக்கும். ஏப்ரலில் அந்த வரைவின் மேல் நடக்கும் கூட்டத்தில் பேசினால் வார்த்தைகள் மாறும், தொகை அநேகமாக மாறாது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே மூடப்பட்டிருக்கும். இலையுதிர் காலத்தில் நடக்கும் 'தேவைகள்' கூட்டம்தான் உங்களுடையது. அங்கே ஆள் கூட்டமே இருக்காது.

பேசுவதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காதவற்றுக்கு ஏன் என்ற காரணத்தையும் நகரம் திட்டத்தோடு இணைத்தாக வேண்டும்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: 'நம் நகரின் செலவாகாத நிலுவை எவ்வளவு?' திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, நிலுவை ஓராண்டு மானியத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 10 லட்சம் பெறும் நகரம் மே தொடக்கத்தில் 15 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தால், திருத்திக்கொள்ளாவிட்டால், பின்னர் வரும் மானியத்தில் ஹட் கைவைக்கலாம். நிலம் கிடைக்காமலோ ஒப்பந்தம் முறிந்தோ பெரிய வேலை ஏதாவது நின்றுபோனால், அதன் பணத்தை விரைவில் செலவழிக்கக்கூடிய இன்னொரு வேலைக்கு மாற்ற அலுவலர்கள் தேடுவார்கள். பெரிய மாற்றமானால் அதற்கும் 30 நாள் கருத்துக் கேட்பு உண்டு. தகுதியான பிளாக் குரூப், பொறியாளர் போட்ட மதிப்பீடு, நகருக்கே சொந்தமான இடம் ஆகிய மூன்றும் கையில் உள்ள சிறு வேலை அப்போது முன்னுக்கு வரும். ஜனவரி, பிப்ரவரியிலேயே அந்த மதிப்பீட்டை மேம்பாட்டுத் துறையில் கொடுத்துவைத்து, நிலுவைப் பணம் மாறும்போது பரிசீலிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.